கச்சானிலும் காது எரியாத ஹெட்செட்: உயர்விலை கேமிங் ஹெட்செட் தெரிவுசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

போன ஓகஸ்ட் மாதம், கச்சான் காற்று அள்ளி வீசிய ஒரு பின்னேரம், திருகோணமலை உவர்மலையில் அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தேன். மருமகன் விளையாட்டை நிறுத்திவிட்டு ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தான். அவன் காதைச் சுற்றிக் கறுப்புத் துகள்கள், கருகிய அப்பளத்தை நொறுக்கித் தூவியதுபோல ஒட்டிக்கிடந்தன. விரலால் ஒரு துகளை எடுத்துப் பார்த்தேன். ஹெட்செட்டின் காதுக் குஷனில் இருந்து உரிந்த செயற்கைத் தோல் அது.

"சத்தம் இன்னும் நல்லாத்தான் இருக்கு மாமா. காதுதான் எரியுது" என்றான்.

கனடாவில் இருக்கும் சித்தப்பா இலட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கி அனுப்பிய ஹெட்செட். பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. உள்ளே எல்லாம் சரியாக வேலை செய்தது. ஆனால் குஷனை ஒட்டிவைத்திருந்தார்கள். கழற்றி மாற்ற வழியில்லை, உதிரியாக வாங்கவும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து இந்த விஷயத்தை ஊன்றிப் பார்க்கத் தொடங்கினேன். தெரிந்த பிள்ளைகள் நாலைந்து பேருக்குத் தெரிவுசெய்தும் கொடுத்துவிட்டேன். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும் என்பது என் முடிவு. எதில் செருகப் போகிறோம், எங்கள் வெக்கையில் எத்தனை மணித்தியாலம் போட்டிருக்க முடியும், பழுதானால் எதை மாற்றலாம், இந்த மூன்றும்தான் முதலில் வரவேண்டும். நான் பார்க்கும் ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

படி 1: எதில் செருகப் போகிறீர்கள்?

"எந்த ஹெட்செட் நல்லது?" என்று கேட்டு வருகிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது, "எதில் விளையாடுகிறாய்?" என்றுதான். காசு அதிகம் வீணாவது இந்த இடத்தில்.

கொம்பியூட்டர் என்றால் கவலை குறைவு. ஏறக்குறைய எல்லாமே வேலை செய்யும். பிளேஸ்டேஷன் 5 அப்படியில்லை. அது சாதாரண புளூரூத் ஹெட்செட்டை ஏற்காது. யூஎஸ்பி டொங்கிளோடு (யூஎஸ்பி துளையில் செருகும் சிறிய வயர்லெஸ் கருவி) வரும் வயர்லெஸ் ஹெட்செட் வேண்டும், அல்லது கையில் பிடிக்கும் கொன்ட்ரோலரில் உள்ள 3.5 மில்லிமீற்றர் துளையில் வயரைச் செருக வேண்டும். எக்ஸ்பாக்ஸ் இன்னும் கண்டிப்பு. புளூரூத்தும் ஏற்காது, சாதாரண டொங்கிளும் ஏற்காது. எக்ஸ்பாக்ஸுக்கென்று அனுமதி பெற்றுச் செய்த வயர்லெஸ் ஹெட்செட் மட்டும்தான் அதனோடு பேசும். கொன்ட்ரோலரின் வயர்த் துளை மட்டும் எல்லாருக்கும் பொது.

இதனால் ஒரே பெயருள்ள ஹெட்செட் இரண்டு விதமாக விற்பனைக்கு வருகிறது. ஓடீஸி மேக்ஸ்வெல், ஸ்டீல்சீரிஸ் ஆர்க்டிஸ் நோவா புரோ வயர்லெஸ் இரண்டுமே இப்படித்தான். பிளேஸ்டேஷனுக்கான பதிப்பு எக்ஸ்பாக்ஸில் வேலை செய்யாது. எக்ஸ்பாக்ஸுக்கான பதிப்பு பிளேஸ்டேஷனிலும் கொம்பியூட்டரிலும் வேலை செய்யும். வீட்டில் இரண்டு விளையாட்டுப் பெட்டியும் இருந்தால், அல்லது நாளைக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், எக்ஸ்பாக்ஸ் பதிப்பை வாங்குவதுதான் புத்தி.

எங்கள் ஊரில் பாதிப் பொருள் வெளிநாட்டுச் சொந்தக்காரர் வழியாகத்தான் வந்து சேர்கிறது. அனுப்புகிறவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க நியாயமில்லை. காசு கட்டுவதற்கு முன் பெட்டியின் பக்கவாட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பி முடிந்த பிறகு ரொறன்ரோவுக்குத் திருப்பி அனுப்ப ஒருவராலும் முடியாது.

போனில் பப்ஜி விளையாடுகிறவர்கள்தான் இங்கே கூட்டம். அவர்களுக்கு யூஎஸ்பி சி டொங்கிள் உள்ள ஹெட்செட் பொருந்தும். பெரும்பாலான அன்ட்ரொயிட் போன்களிலும், 2023 இல் வந்த ஐபோன் 15 முதலான போன்களிலும் அதைச் செருகலாம். நின்டெண்டோ ஸ்விட்ச் 2021 செப்டெம்பரில்தான் புளூரூத் ஒலியை அனுமதித்தது. அப்போதும் மைக் வேலை செய்யாது.

படி 2: வயரா, வயர்லெஸ்ஸா?

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சாதாரண புளூரூத்தில் ஒலி வந்து சேர 150 மில்லிசெக்கனுக்கு மேல், சிலவேளை 200 ஐயும் தாண்டித் தாமதமாகும். எதிரி சுட்டு, நீங்கள் விழுந்த பிறகு வெடிச்சத்தம் கேட்கும். 2.4 கிகாஹேர்ட்ஸ் டொங்கிளில் இந்தத் தாமதம் சில பத்து மில்லிசெக்கன்தான், விளையாடுகிறவருக்குத் தெரியாது. வயரில் தாமதம் என்ற பேச்சே இல்லை.

புளூரூத்தில் இன்னொரு குறையும் உண்டு. கொம்பியூட்டரில் மைக்கைத் திறந்தவுடன் ஒலி பழைய தொலைபேசிபோலச் சுருங்கிப்போகும். ஒரே இணைப்பில் கேட்கவும் கதைக்கவும் இடம் போதாததால் தரத்தைக் குறைத்துவிடுகிறது. ஆகவே போட்டி விளையாட்டுக்கு புளூரூத் மட்டும் உள்ள ஹெட்செட் வேண்டாம், விலை எவ்வளவு உயர்ந்தாலும். டொங்கிளோடு புளூரூத்தும் சேர்ந்து இருந்தால் அது நல்ல வசதி: விளையாட்டு ஒரு வழியாக, அம்மாவின் போன் அழைப்பு மறுவழியாக வரும்.

டொங்கிளைச் செருகும் இடத்திலும் கவனம் வேண்டும். கொம்பியூட்டரின் பின்புறம் இருக்கும் யூஎஸ்பி 3 துளைகள் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்குத் தொல்லை கொடுக்கும். வைஃபையும் அதே அலைவரிசையில் ஓடுகிறது. ஒலி அடிக்கடி அறுந்தால் ஹெட்செட்டைக் குறைசொல்ல முன், ஒரு நீட்டிப்பு வயர் போட்டு டொங்கிளை மேசைக்கு மேலே கொண்டுவாருங்கள். இரண்டு பேர் "பழுது" என்று என்னிடம் கொண்டுவந்த ஹெட்செட்டுகள் இப்படியே சரியாகின.

படி 3: தலையும் காதும், எங்கள் வெக்கையும்

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெரிய விமர்சனங்கள் எல்லாம் குளிர் அறைக்குள் இருந்து எழுதப்படுகின்றன. திருகோணமலையில் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி எங்களிடம் வந்து சேருகிற காற்று அது. அதன்பிறகு நவம்பர், டிசம்பரில் வாடையும் மழையும். யன்னல் கம்பியைத் தொட்டாலே ஈரம். வருடம் முழுவதும் கடலின் உப்பு வேறு. டச் பே பக்கம் குடியிருப்பவர்களுக்கு இரும்புக் கேற்றுக்கு எத்தனை தடவை பெயின்ற் அடிக்கிறோம் என்பது தெரியும். அதே உப்புத்தான் ஹெட்செட்டையும் தின்கிறது.

பெரும்பாலான உயர்விலை ஹெட்செட்டுகளின் குஷன் போர்வை பொலியூரிதேன் என்ற செயற்கைத் தோல். புதிதாக இருக்கும்போது மெத்தென்று காதை மூடும், வெளிச்சத்தத்தை நன்றாக அடைக்கும். ஆனால் ஈரமும் சூடும் சேரும்போது அந்தப் பொருள் உள்ளுக்குள்ளேயே சிதைகிறது; வியர்வை அதை இன்னும் வேகப்படுத்தும். முதலில் ஓரத்தில் மெல்லிய வெடிப்பு, அப்புறம் செதில் செதிலாக உரியும். மருமகனின் காதில் கண்டது அதுதான். எத்தனை கவனமாக வைத்திருந்தாலும் எங்கள் காற்றில் இது நடக்கும். தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது.

அதனால் ஹெட்செட் கையில் கிடைத்தவுடன் நான் முதலில் பார்ப்பது, குஷன் கையால் கழன்று வருகிறதா என்பதை. சிலது சுற்றித் திருப்பினால் வரும், சிலது காந்தத்தில் ஒட்டியிருக்கும், சிலது பிளாஸ்டிக் ஓரத்தில் செருகியிருக்கும். எந்த முறையானாலும் சரி, கழன்றால் போதும். அடுத்தது, அந்த மொடலுக்கு மாற்றுக் குஷன் விற்கிறார்களா என்று பார்ப்பது. மூன்றாவது, துணிக் குஷன் கிடைக்குமா என்பது. துணி காற்றோட்டம் உள்ளது. வியர்வையை உறிஞ்சும், உரியாது. வெளிச்சத்தம் கொஞ்சம் உள்ளே வரும், தாழ்ந்த ஒலியும் சிறிது குறையும். நான் துணிக்குத்தான் வாக்களிப்பேன். மே மாதத்தில் மூன்று மணித்தியாலம் தோல் குஷனோடு இருந்து பார்த்தவருக்கு இதில் வாதம் இருக்காது.

எடையைக் கிராமில் பாருங்கள். 300 முதல் 350 கிராம் வரை பெரும்பாலானோருக்குச் சரி. மேக்ஸ்வெல் 490 கிராம். அரைக் கிலோ சீனிப் பக்கெற்றைத் தலையில் வைத்துக்கொண்டு விளையாடுவதைக் கற்பனை செய்யுங்கள். தலைப்பட்டி எடையை நன்றாகப் பங்கிட்டால் ஒரு மணித்தியாலம் தெரியாது. மூன்றாவது மணித்தியாலத்தில் கழுத்தின் பின்புறம் சொல்லும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு எடையுள்ளதை நான் வாங்கிக்கொடுக்க மாட்டேன்.

கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். இறுக்கம் அதிகமானால் கண்ணாடிக் கம்பு பொட்டில் குத்தும். இடைவெளி விழுந்து ஒலியும் கசியும். மென்மையான துணிக் குஷன் கம்பைத் தனக்குள் அமர்த்திக்கொள்ளும். கடையில் போட்டவுடன் கழற்றிவிடாதீர்கள். இருபது நிமிடம் போட்டிருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, போகிறது உங்கள் காசு.

படி 4: ஒலி, அதைப் பற்றிய பெரிய பேச்சுகள்

"50 மில்லிமீற்றர் டிரைவர்" என்று பெட்டியில் போட்டிருந்தால் அது ஒலி எழுப்பும் வட்டத் தகட்டின் அகலம். பெரிதாக இருப்பதால் மட்டும் நல்லதாகிவிடாது. 40 மில்லிமீற்றரில் அருமையான ஹெட்செட்டும் உண்டு, 50 இல் டமார டமாரச் சத்தமும் உண்டு. மேக்ஸ்வெல்லில் இருக்கும் 90 மில்லிமீற்றர் டிரைவர் வேறு வகை. மெல்லிய படலம் ஒன்றில் மின்பாதையைப் பதித்து, அதைக் காந்தங்களுக்கு இடையில் நிறுத்தியிருக்கிறார்கள். படலம் முழுவதும் ஒரே சீராக அசைவதால் ஒலி தெளிவாக வரும். காந்தங்கள் அதிகம் என்பதால் எடை ஏறும். 2023 ஓகஸ்டில் சோனி ஓடீஸி நிறுவனத்தை வாங்கியது. 2024 இல் வந்த சோனியின் பல்ஸ் எலீற்றும் இதே வகை டிரைவரோடு 150 டொலருக்கு வந்தது.

அடுத்தது "7.1 சரவுண்ட்", அதாவது சுற்றிலும் இருந்து ஒலி வருவதுபோலக் காட்டும் வசதி. இதில்தான் பிள்ளைகள் அதிகம் மயங்குகிறார்கள். ஹெட்செட்டுக்குள் ஏழு ஒலிபெருக்கி இல்லை. இடம் ஒன்று, வலம் ஒன்று, அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் கணக்கு. உள்துறைமுக வீதியில் நடக்கும்போது பின்னால் ஓட்டோ வருவதைத் திரும்பாமலே அறிகிறோம் அல்லவா? சத்தம் ஒரு காதுக்கு மற்றக் காதை விட ஒரு மில்லிசெக்கனிலும் குறைந்த நேரம் முந்தி வருகிறது. காது மடலின் வளைவுகள் முன்னால் வரும் ஒலியையும் பின்னால் வரும் ஒலியையும் வேறு வேறு மாதிரி வடிகட்டுகின்றன. மூளை இரண்டையும் சேர்த்துத் திசையைச் சொல்கிறது. சரவுண்ட் மென்பொருள் இதைப் போலி செய்கிறது. ஒவ்வொருவர் காது மடலும் வேறு என்பதால், ஒருவருக்கு அற்புதமாக இருப்பது இன்னொருவருக்குக் குகைக்குள் இருந்து கேட்பதுபோல இருக்கும்.

வெலோரன்ற், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற விளையாட்டுகள் இந்தக் கணக்கைத் தாங்களே செய்யும். பிளேஸ்டேஷன் 5 இல் 3டி ஒலி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, எந்த ஹெட்செட்டிலும் கேட்கும். அதற்கு மேல் ஹெட்செட்டின் சரவுண்டையும் போட்டால் கணக்கு இரண்டு தடவை நடந்து திசை குழம்பிவிடும். ஏதாவது ஒன்றை மட்டும் போடுங்கள். விண்டோஸில் விண்டோஸ் சொனிக் இலவசமாகவே வருகிறது. சரவுண்டுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டிய காலம் போய்விட்டது.

காலடிச் சத்தம் கேட்க வேண்டும் என்பவர்கள் தாழ்ந்த ஒலி அதிகமுள்ள ஹெட்செட்டைத் தேடிப் போகிறார்கள். அது எதிர்த்திசை. குண்டுச் சத்தத்தின் தாழ்ந்த அதிர்வு காலடியின் மெல்லிய ஒலியை மூடிவிடும். நடுப்பகுதியும் அதற்குச் சற்று மேலும் தெளிவாக உள்ள ஹெட்செட்டில்தான் மாடிப்படி ஏறுகிறவன் பிடிபடுவான்.

கடையில் சோதிக்க நான் தவில் தனியாவர்த்தனம் ஒன்றைப் போனில் வைத்திருக்கிறேன். கூடு மாட்டிய விரல்கள் வலந்தலையில் விழும் கூர்மையும், கோல் அடிக்கும் தொப்பியின் ஆழமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வேகம் கூடும்போது இரண்டும் ஒன்றாகக் குழைந்தால் அந்த ஹெட்செட் வெடிச்சத்தத்துக்கு நடுவே காலடியையும் குழைத்துவிடும். தவில்தான் வேண்டும் என்றில்லை. உங்கள் காதுக்கு நன்கு பழகிய ஒரு பதிவு போதும்.

காதை மூடும் கூடு மூடியதா, திறந்ததா என்ற கேள்வியும் உண்டு. கேமிங் ஹெட்செட் பெரும்பாலும் மூடியது. சென்ஹைசர் ஹெச்டி 560எஸ் போன்ற திறந்த ஹெட்போன் 240 கிராம்தான். காதுக்குக் காற்றுப் படும், ஒலி விரிந்து கேட்கும். அதனோடு தனி மைக் ஒன்றைச் சேர்த்தால் வெக்கைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் ஃபேன் சத்தம், குசினிச் சத்தம், பக்கத்து வீட்டு ரீவி எல்லாம் உள்ளே வரும். உங்கள் விளையாட்டும் வெளியே கேட்கும். தனி அறை உள்ளவருக்கு மட்டும் சொல்கிறேன். 250 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்டூடியோ ஹெட்போன்களை மட்டும் தனி அம்ப்ளிஃபையர் இல்லாமல் வாங்காதீர்கள், கொன்ட்ரோலர் துளையிலிருந்து வரும் சக்தி போதாது.

சத்தத்தைக் குறைக்கும் ஏஎன்சி வசதி ஃபேன், ஜெனரேற்றர் போன்ற சீரான தாழ்ந்த இரைச்சலை நன்றாகக் குறைக்கும். தம்பி கூப்பிடும் குரலைக் குறைக்காது. அதற்காக மட்டும் அதிகம் செலவழிக்கத் தேவையில்லை.

படி 5: மைக்

தலைக்கு மேல் ஃபேன் சுற்றாத விளையாட்டறை எங்கள் ஊரில் இல்லை. ஆகவே மைக்கில் குரல் எவ்வளவு இனிமை என்பதை விட, காற்றை எப்படித் தாங்குகிறது என்பதே பெரிது. முனையில் நுரைத் தொப்பி இருக்கிறதா என்று பாருங்கள். வாய்க்கு நேரே வைக்காமல் வாயோரத்தில், இரண்டு விரல் தூரத்தில் வையுங்கள். அப்போது மூச்சுக் காற்று மைக்கில் அடிக்காது. கழற்றக்கூடிய மைக் என்றால் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். வயர்லெஸ் ஹெட்செட்டுகளில் மைக் தரம் இறுக்கிச் சுருக்கப்படுவதுண்டு; 2023 இல் வந்த ரேசர் பிளாக்ஷார்க் வி2 புரோ இந்தக் குறையைக் கவனித்து மைக் குரலுக்குக் கூடுதல் அலைவரிசை அகலம் கொடுத்தது.

படி 6: பற்றரி

2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போனதை மறக்கவில்லை. அப்போது வீட்டில் எதெது சார்ஜில் நின்றது என்பதைப் பார்த்த பிறகு பற்றரி அளவை நான் அலட்சியமாக எடுப்பதில்லை. ஹைப்பர்எக்ஸ் கிளவுட் அல்ஃபா வயர்லெஸ் 300 மணித்தியாலம் என்று அந்த நிறுவனம் சொல்கிறது; மேக்ஸ்வெல் 80 க்கு மேல், பிளாக்ஷார்க் 70, லொஜிடெக் ஜி புரோ எக்ஸ் 2 லைட்ஸ்பீட் 50. ஒரு கிழமைக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டால் எல்லாமே போதும். உண்மையில் கேட்க வேண்டியது, நான்கு வருடம் கழித்து பற்றரி சோர்ந்தால் என்ன செய்வது என்று. லித்தியம் பற்றரி வெப்பத்தில் சீக்கிரம் முதுமையடையும். நோவா புரோ வயர்லெஸ்ஸில் இரண்டு பற்றரி வருகிறது. ஒன்று தலையில், ஒன்று மேசையில் உள்ள பெட்டியில் சார்ஜில். கையாலேயே மாற்றலாம். மற்றவற்றைத் திறக்க ஸ்குரூட்ரைவர் தெரிந்த ஆள் வேண்டும்.

படி 7: பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

நோவா புரோ வயர்லெஸ் 2022 இல் 350 டொலருக்கு வந்தது. சுமார் 338 கிராம், ஏஎன்சி, ஒரே நேரத்தில் டொங்கிளும் புளூரூத்தும், மாற்றும் பற்றரி. எல்லா வசதியும் ஒரே இடத்தில் வேண்டும் என்பவருக்கு இது. குஷன் தோல், மாற்றுக் குஷனுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள்.

மேக்ஸ்வெல் 2023 இல் பிளேஸ்டேஷன் பதிப்பு 299, எக்ஸ்பாக்ஸ் பதிப்பு 329 டொலர். ஒலியில் இந்தக் கூட்டத்தில் முதலிடம் அதற்குத்தான். கதை விளையாட்டுகளை ஆற அமர்ந்து ரசிக்கிறவருக்கு, குளிரூட்டிய அறை உள்ளவருக்கு, கழுத்து உறுதியானவருக்குச் சொல்வேன்.

ஜி புரோ எக்ஸ் 2 லைட்ஸ்பீட் 2023 இல் 249 டொலருக்கு வந்தது, 345 கிராம். தோல் குஷன் பூட்டியபடி வரும். துணிக் குஷன் சோடி பெட்டிக்குள்ளேயே தனியாக இருக்கும். டொங்கிள், புளூரூத், வயர் மூன்றும் உண்டு. திருகோணமலையில் ஒருவர் ஒரே ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

பிளாக்ஷார்க் வி2 புரோவின் 2023 பதிப்பு 200 டொலர், 320 கிராம், குஷன் துணி. சுடுகிற விளையாட்டுகளில் போட்டியிடும் பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தம். வயர்த் துளை இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கிளவுட் அல்ஃபா வயர்லெஸ் 200 டொலருக்கு வந்தது. புளூரூத்தும் இல்லை, வயர்த் துளையும் இல்லை, எக்ஸ்பாக்ஸில் வேலை செய்யாது. கொம்பியூட்டர் ஒன்றே உலகம் என்றால் சார்ஜர் தேடாமல் ஒரு மாதத்தை ஓட்டலாம்.

டொலர் விலையை ரூபாயாக மாற்றும்போது ஏமாந்துவிடாதீர்கள். இறக்குமதி வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக உயர்ந்த வற் வரி, கடை இலாபம் எல்லாம் மேலே ஏறும்.

படி 8: வாங்குவது

நகரத்துக் கடைகளில் நடுத்தர விலை ஹெட்செட் கிடைக்கும். உயர்விலைப் பொருளைப் பெரும்பாலும் கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டியிருக்கும். இரவு ரயிலில் போய் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் ஒரு பகல் முழுக்க ஏறி இறங்கினால் நாலைந்து மொடலைத் தலையில் போட்டுப் பார்த்துவிடலாம். அலைச்சல்தான். ஆனாலும் இலட்சம் ரூபாய்ப் பொருளைத் தலையில் வைக்காமல் வாங்குவதை விட மேல்.

வாரண்டி என்று சொன்னவுடன் தலையாட்டாமல் மூன்று கேள்வி கேளுங்கள். கொம்பனியின் இலங்கை முகவர் தரும் வாரண்டியா, கடையின் சொந்த வாரண்டியா? திருத்துவார்களா, மாற்றித் தருவார்களா? பற்றரியும் குஷனும் அதற்குள் அடங்குமா? பதிலைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பெட்டியில் உள்ள தொடர் எண்ணையும் அதில் எழுதச் சொல்லுங்கள். சொல் மாறினால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். கையில் சீட்டு இருந்தால்தான் அங்கே பேச முடியும். வெளிநாட்டில் வாங்கியதற்கு இங்கே வாரண்டி கேட்டால் கிடைப்பது அரிது.

பெயர்பெற்ற மொடல்களின் போலிகள் அசல் பெட்டியோடேயே வருகின்றன. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால், தொடர் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் கடையில் நின்றபடியே பதிந்து பாருங்கள். ஏற்காவிட்டால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

படி 9: வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாளே கொம்பியூட்டரில் செருகி ஹெட்செட்டினதும் டொங்கிளினதும் மென்பொருளைப் புதுப்பியுங்கள். கரண்ட் நிற்காத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். நடுவில் நின்றால் டொங்கிள் செத்துப்போகும் ஆபத்து உண்டு.

சத்த அளவை முதல் நாளே பழக்கிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபெல்லில் கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். அதையே 90 க்கு ஏற்றினால் 4 மணித்தியாலம். 100 க்கு ஏற்றினால் 20 நிமிடம்தான். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு: 75 டெசிபெல்லில் 40 மணித்தியாலம். கையெட்டும் தூரத்தில் நின்று ஒருவர் சாதாரணமாகக் கூப்பிடும்போது கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் குறைத்தே ஆக வேண்டும். விளையாடி எழும்பியதும் காதுக்குள் "ங்ஙீ" என்று இரைந்தால் அது காது சொல்லும் முறைப்பாடு. அடுத்த நாள் ஓய்வு கொடுங்கள். கெட்டுப்போன கேட்கும் நரம்பைத் திருப்பித் தர எந்த வைத்தியராலும் முடியாது.

விளையாடி முடிந்ததும் குஷனை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். கிழமைக்கு ஒருதரம் சற்று ஈரத் துணியால் உப்பை எடுத்துவிட்டு நிழலில் காயவிடுங்கள். தோல் குஷனில் தேங்காயெண்ணெய் பூசச் சொல்வார்கள், பூசாதீர்கள். நுரைக்குள் இறங்கி நாறும். வயர்முனை பச்சை பூத்திருந்தால் ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். யன்னலோரம் வெயில் படும் இடத்தில் தொங்கவிட வேண்டாம்.

வாடை தொடங்கியதும் நாங்கள் செய்வது இதுதான். பெரிய பிஸ்கற் ரின் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பக்கெற்றுகள் நாலைந்தை அடியில் போட்டு, விளையாடாத நேரம் ஹெட்செட்டை அதற்குள் வைத்து மூடிவிடுகிறோம். மருமகனுக்கு இப்போது வாங்கிக்கொடுத்ததில் துணிக் குஷன் பூட்டியிருக்கிறது. தோல் குஷன் சோடி, உறை பிரிக்காமல், அதே ரின்னுக்குள் கிடக்கிறது.